சொத்து விவரம்

முப்பத்தோரு வருடமாக
மேலூர் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில்
ஊரார் நிலத்துக்கு மால் எழுதுகிறேன்.
கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே கண்மாய்க்கரை,
வடக்கே இன்னாருடைய புஞ்சை.
இதற்கு உட்பட்டது என்று முடித்தால்
அந்த மண் அசையாமல் கிடக்கும்.

என் வலது காலுக்கு இப்போது
வக்கீல் ஜெசிந்தா மால் கேட்கிறார்.
மேலே, முழங்காலுக்குக் கீழ் நாலு விரற்கடை.
கீழே
ஒன்றுமில்லை அம்மா, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்டேப்ளர் பின், அவ்வளவுதான்.
ஏதோ கிரயப் பத்திரத்திலிருந்து கழன்று
செருப்புக்குள் விழுந்திருக்கிறது.
காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை
அதன்மேல் நடந்திருக்கிறேன்.
பதினாறு வருடம் சர்க்கரை அரித்த நரம்பு
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பஞ்சவர்ணம்தான் கேட்டாள்,
தரையெல்லாம் என்ன இது, குங்குமம் கொட்டினீங்களா?

பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்.
கட்டு மாற்ற வந்த பிள்ளை
மூக்கைத் திருப்பிக்கொண்டு மாற்றியது.
பெரிய டாக்டர் வாசலில் நின்று கேட்பார்,
சாப்பிட்டீங்களா?
சாப்பிட்டேன்.
அதுதான் ரவுண்ட்ஸ்.
ஆறாம் நாள் சுண்டுவிரல் நாவல்பழம் ஆனது.
ஒன்பதாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர்
வேறு அறை கேட்டு வாங்கிப் போனார்.
பதினோராம் நாள் ஆம்புலன்ஸ் ஏற்றி
மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க என்றார்கள்.
அங்கே ஒரு சின்னப் பெண், டாக்டராம்,
புறங்காலில் இரண்டு விரல் வைத்து
நாடி தேடினாள், ரொம்ப நேரம்.
அதுவரை யாரும் வைக்காத விரல்.

வெட்டியதை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோனார்களாம்.
மஞ்சள் பை.
என்னிடம் வருகிறவர்கள்
பாட்டன் பத்திரத்தை அதில்தான் சுற்றி வருவார்கள்.

நாலு மாதம் பஞ்சவர்ணம் நடந்து
கேஸ் ஷீட் நகல் வாங்கி வந்தாள்.
பாதம் பரிசோதிக்கப்பட்டது, நாடி நன்று, சூடு உண்டு.
தினமும் அதே வரி, இங்கிலீஷில்.
வக்கீல் கண்ணுக்குப் படாதது எனக்குப் பட்டது.
மூன்றாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை
ஒரே உட்காரலில் எழுதியது.
எட்டாம் நாளில் கை சோர்ந்து எழுத்து சாய்கிறது.
தேதிகளுக்கு மட்டும் வேறு மை.

எப்படிச் சொல்றீங்க என்றார்.
நான் எழுதியிருக்கிறேன் அம்மா.
பழைய முத்திரைத்தாள், முன்தேதி,
செத்தவர் சாகும்முன் கொடுத்ததாகக் கால் ஏக்கர்.
தம்பிக்காரன் ரோட்டில் உட்கார்ந்து அழுதான்.
எனக்கு அன்றைக்கு ஐந்நூறு ரூபாய்.

அதை மனுவில் சேர்க்க வேண்டாம் என்றார்.

எதிர்த்தரப்பு கேள்வித்தாள் அனுப்பியது.
மனுதாரர் இனிப்பு உண்பவரா?
ஆம். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
மூன்று டம்ளர் பானகம்.
செருப்பை உதறிப் பார்த்து அணியும் வழக்கம் உண்டா?
இல்லை.
இரண்டுக்கும் உள்ளதையே எழுதினேன்.
கைக்குப் பழக்கமில்லாத வேலை.

எவ்வளவு கேட்பது?
மேலூரில் தெருவுக்குத் தெரு வழிகாட்டி மதிப்பு உண்டு,
சதுர அடி இன்ன விலை என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
இந்த அடிக்கு யாரும் மதிப்பு வைக்கவில்லை.
பதினெட்டு லட்சம் என்று வக்கீல் போட்டார்.
பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்து
மாடிப்படியைப் போட்டீங்களா என்றாள்.
எங்கள் வீடு மாடி.
போடவில்லை.

நேற்று அவர்கள் ஆள் வந்தான், ராஜி பேச.
மூன்று லட்சம், ஒரு தாள்.
சுயநினைவுடனும் முழுச் சம்மதத்துடனும்
யாருடைய தூண்டுதலும் இன்றி…
என் வரி. பத்தாயிரம் தடவை எழுதிய வரி.
அதற்குக் கீழே விரல் நடுங்கியவர்களை
நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.
இரண்டாம் வரியில் எழுத்துப்பிழை தம்பி என்று
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வாய்தா வருகிற ஏழாம் தேதி.

இருந்தபோது கம்பி தைத்தும் பேசாத கால்
இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு
சுண்டுவிரலில் அரிக்கிறது.
எழுந்து உட்கார்ந்து
போர்வையைச் சொறிகிறேன்.